சோதிக்காமல் விட்ட விசில்

போன மாதம் ரிமி போன் பண்ணினாள். நான் வேலை பார்த்த கம்பெனியில் இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் அவள். காரியம் இல்லாமல் கூப்பிட மாட்டாள்.

"ஜெயாதி, உங்க பழைய டிசைன் எல்லாத்துலயும் ஊளை அடக்கிக்குள்ள ஒரு சின்னக் கட்டம் இருக்கு. 'விசிலுக்கு விலக்கு'ன்னு. ஏன் போட்டீங்கன்னு இங்க யாருக்கும் தெரியல. குறிப்புல 'சிறு மேம்பாடு'ன்னு மட்டும் இருக்கு, கீழ உங்க பேர். புது சாஃப்ட்வேர் இரைச்சல் எது, பேச்சு எதுன்னு தானே கத்துக்குது. இந்தக் கட்டம் குறுக்க நிக்குது. எடுத்துடலாமா?"

"எடுத்தா கையை ஒடிச்சிடுவேன்" என்றேன்.

அவள் சிரித்தாள். எனக்கு வாய் நீளம் என்று ஆபீஸ் முழுக்கத் தெரியும். "அப்ப ஏன்னு ரெண்டு வரி எழுதி அனுப்புங்க, போதும்" என்று வைத்துவிட்டாள்.

இரண்டு வரியில் முடிகிற சமாச்சாரமா இது? எழுத வேண்டிய நேரத்தில் அந்த இரண்டு வரியை எழுதாமல் மென்று முழுங்கினதுதான் என் உத்தியோக வாழ்க்கையில் நான் செய்த பெரிய அயோக்கியத்தனம். ஒன்றும் அறியாத ஒருவன் தலையில் அவன் அண்ணனின் சாவுப் பழி விழுந்தது. அதை எடுத்திருக்க வேண்டியவள் நான். எடுக்கவில்லை. அதனால் முழுசாகவே எழுதுகிறேன். என் பெயரைத் தவிர மற்றப் பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

அப்பாவுக்கு ரயில்வே வேலை. கரக்பூரில் பிறந்து வளர்ந்து, எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமா படித்து, கல்யாணமாகி, ஹவுராவுக்கு அக்கரையில் லேக் மார்க்கெட் பக்கம் வந்து சேர்ந்தேன். டாக்குரியாவில் ஒரு சின்னக் கம்பெனி, தொழிற்சாலைகளுக்கு ஒலிபெருக்கியும் இன்டர்காமும் செய்து கொடுப்பார்கள். முதல் பத்து வருஷம் புகையை முகர்ந்துகொண்டு சால்டரிங் வைத்தேன். பிறகு கம்ப்யூட்டர் வந்தது. அதற்கப்புறம் திரையில் கட்டங்களைப் போட்டுக் கோடு இழுத்து இணைப்பதுதான் வேலை. மைக் ஒரு கட்டம், ஊளையை அடக்குவது ஒரு கட்டம், இரைச்சலைக் குறைப்பது ஒரு கட்டம், கடைசியில் ஸ்பீக்கர். கட்டத்தைத் திறந்தால் உள்ளே எண்கள் இருக்கும். இடத்துக்குத் தகுந்தபடி அந்த எண்களை ஏற்றி இறக்குவதற்கு ட்யூனிங் என்று பெயர். அதில் நான் கெட்டிக்காரி. பெருமைக்குச் சொல்லவில்லை, அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் ஒரு ஆளைக் கொன்றது.

அனிமேஷ்தா எங்கள் தலைமை. 'தா', 'தாதா' என்றால் அண்ணன், 'தி', 'தீதி' என்றால் அக்கா, இந்த ஊரில் மேலதிகாரியையும் அப்படித்தான் கூப்பிடுவோம். ஒல்லியான மனிதர், குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. நாங்கள் ட்யூன் பண்ணும்போது திரையை எட்டிக்கூடப் பார்க்க மாட்டார். நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பிப் போட்டு, இடது காதில் மட்டும் இயர்போனை வைத்து, கண்ணை மூடிக்கொள்வார். "ஆபார்" என்பார். மறுபடியும் என்று அர்த்தம். ஒரே வாக்கியத்தை இருபது தடவை "ஆபார்" சொல்லிக் கேட்பார். எந்த எண்ணை மாற்றினாலும் காரணத்தை நோட்டில் எழுத வேண்டும். 'கேட்க நன்றாக இருந்தது' என்று எழுதினால் பக்கத்தைக் கிழிக்கச் சொல்வார். நாலு மணிக்கு மேஜை டிராயரிலிருந்து பொரி டப்பாவை எடுப்பார், ஒரு பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டு தின்பார், யாருக்கும் ஒரு பிடி தர மாட்டார். அவருக்குப் பயப்படாத ஆள் அங்கே கிடையாது.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. பூஜைக்குச் சாமான் வாங்கப் போகுமுன் எழுதும் பட்டியலை வங்காளிகள் ஃபர்தோ என்பார்கள். அனிமேஷ்தா சத்தங்களுக்கு ஃபர்தோ போடச் சொல்வார். புது இடத்துக்குப் போனால் லேப்டாப்பைத் திறக்கக் கூடாது. அரை நாள் சும்மா நின்று, அங்கே என்னென்ன சத்தம் உண்டோ அத்தனையும் எழுத வேண்டும். சுத்தியல், சங்கிலி, இருமல், தண்ணீர் சொட்டுவது, ஒன்று விடக்கூடாது. ட்யூனிங் முடிந்ததும் ஒவ்வொரு சத்தத்தையும் நிஜமாகவே உண்டாக்கி, மறுமுனையில் காது கொடுத்துக் கேட்டு, பக்கத்தில் 'சரி' போட வேண்டும். கடைசியில் ட்யூன் பண்ணினவர் கையெழுத்து, அந்த இடத்து ஆள் ஒருவர் கையெழுத்து, அடியில் அவருடையது.

ஹவுராவில் அந்தத் தொழிற்சாலைக்குப் போனது துர்கா பூஜைக்கு மூன்று நாள் முன்னால். ரசாயனத் திரவங்களைச் சேமிக்கும் பெரிய இரும்பு டாங்கிகள். சில மாதத்துக்கு ஒரு முறை காலி பண்ணி, ஒரு ஆள் மேல் வாய் வழியாக ஏணியில் இறங்கி அடியில் படிந்த சேற்றைச் சுரண்ட வேண்டும். காற்றுக்காக வாய்ப்பக்கம் ஒரு ராட்சச ஃபேன் ஓடும். அந்த இரைச்சலில் உள்ளே இருப்பவன் கத்தினாலும் விசில் அடித்தாலும் வெளியே கேட்காது. அதற்குத்தான் எங்கள் இன்டர்காம். உள்ளே மைக்கும் ஸ்பீக்கரும் சேர்ந்த ஒரு பெட்டி தொங்கும். வெளியே நிற்கிறவன் காதில் ஹெட்போன்.

உள்ளே இறங்குகிறவன் ஷிபு. வெளியே காவல் நிற்பவன் அவன் தம்பி நிமாய். ஷிபு ஓயாமல் பேசுவான். "மாத்ராஜி தீதி, என் குரல் ரேடியோல வர்ற மாதிரி வருமா?" என்றான். தெற்கிலிருந்து வந்தவர்களை இங்கே மாத்ராஜி என்பார்கள். "உன் குரலுக்கு அதெல்லாம் பேராசை" என்றேன். நிமாய் வாயே திறக்க மாட்டான். ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அமுக்கிப் பிடித்துக்கொண்டு, பரீட்சை எழுதுகிறவன் மாதிரி நிற்பான்.

டாங்கிக்குள் பெட்டியைத் தொங்கவிட்டதும் ஆரம்பித்தது ஊளை. கல்யாண மண்டபத்தில் மைக் 'கூ' என்று அலறுமே, அதுதான், இரும்புக்குள் பத்து மடங்கு. அதை அடக்குகிற கட்டம் எப்படி வேலை செய்யும் என்று சொல்லிவிடுகிறேன். ஏறாமல் இறங்காமல் ஒரே சுரமாக ஒரு சத்தம் நீண்டு நின்றால், அதை ஊளை என்று முடிவு கட்டி, அந்தச் சுரத்தை மட்டும் வெட்டிவிடும். எவ்வளவு நேரம் பார்த்துவிட்டு வெட்ட வேண்டும் என்பது நம் கையில். அரை நொடி வைத்திருந்தேன். அந்த அரை நொடிக்குள் ஷிபு காதைப் பொத்திக்கொண்டு என் ஏழு தலைமுறையையும் திட்டினான். மேனேஜர் வாட்சைப் பார்த்தார். நான் பத்தில் ஒரு நொடிக்கு இறக்கினேன். ஊளை பட்டென்று நின்றது. நோட்டில் 'வளருமுன் பிடிக்க' என்று காரணம் எழுதினேன்.

என் ஃபர்தோவில் பதினாலு சத்தம். பதிமூன்றாவது விசில்.

அண்ணன் தம்பி இருவர் கழுத்திலும் விசில் தொங்கியது. உள்ளே உருண்டை இல்லாத தட்டை விசில், ஊதினால் ஒரே சுரமாக நிற்கும். வாயு தாக்கினால் தலை சுற்றும், தொண்டை அடைத்துக்கொள்ளும், பேச்சு வராது. அப்போது நீளமாக ஊத வேண்டும், இன்டர்காமில் அதைக் கேட்டு வெளியே நிற்பவனும் ஊதுவான். ஆனால் அங்கே காரணமில்லாமல் விசில் ஊதுவது குற்றம். விசில் சத்தம் கேட்டால் ஷெட்டில் அத்தனை பேரும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடி வருவார்கள். சோதனைக்கு ஊத வேண்டுமானால் பாதுகாப்பு அதிகாரி எழுதிக் கொடுக்க வேண்டும். அவர் பூஜை லீவில் ஊருக்குப் போயிருந்தார், லட்சுமி பூஜை கழித்துத்தான் வருவார்.

"மெதுவா ஊதட்டுமா?" என்றான் ஷிபு.

"வேண்டாம் தாதா, சஸ்பெண்ட் பண்ணிடுவாங்க" என்றான் நிமாய். அன்று அவன் பேசின ஒரே வார்த்தை அதுதான்.

எனக்கும் வீட்டுக்கு ஓட வேண்டும். இருமல் எல்லாம் தெளிவாக வருகிறதே, விசில் வராமலா போகும் என்று நினைத்தேன். 'சரி' போட்டேன். நிமாய் கையெழுத்துப் போட்டு, கீழே போன் நம்பரும் எழுதினான். மறுநாள் ஆபீஸில் அனிமேஷ்தா, "எல்லாச் சத்தமும் உண்டாக்கிக் கேட்டாச்சா?" என்றார். "ஆச்சு" என்றேன். அவர் பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார்.

ஒற்றைச் சுரம் நீண்டு நின்றால் வெட்டு என்று நானே சொல்லிவைத்த இடத்தில், ஒற்றைச் சுரமாக நீண்டு நிற்கிற விசில். இதைக்கூட யோசிக்காத கெட்டிக்காரி நான்.

பங்குனி பிறந்திருக்கும், ஷிபு டாங்கிக்குள் இறந்துபோனான். சேற்றுக்கு அடியில் தங்கியிருந்த வாயு. பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் நிமாய் கூப்பிட்டுப் பேச வேண்டும் என்பது விதி. ஒரு தரம் கூப்பிட்டான், பதில் வந்தது. அடுத்த தரம் கூப்பிட்டான், பதில் இல்லை. அவன் இறங்கிப் பார்த்தபோது அண்ணன் ஏணியின் காலைப் பிடித்தபடி கிடந்தான், விசில் வாயருகே.

விசில் வாயருகே இருக்கிறது, தம்பி கேட்கவில்லை என்கிறான். அவன் பையில் இருந்த மொபைலில் அந்த நேரத்தில் மனைவியிடமிருந்து வந்த, எடுக்காத ஒரு அழைப்பு. விசாரணைக்கு அது போதுமாக இருந்தது. போனைப் பார்த்துக்கொண்டு அண்ணனைச் சாகவிட்டான் என்று எழுதி, வேலையை விட்டு நீக்கினார்கள்.

அப்படி எழுதுவதற்கு முன், இன்டர்காம் ஒழுங்காக வேலை செய்ததா என்று எங்கள் அபிப்பிராயம் கேட்டு, நிமாயின் வாக்குமூலத்தின் நகலை அனுப்பியிருந்தார்கள். படித்தேன். 'விசில் கேட்கவே இல்லை. நடுவில் லைனில் டுக், டுக் என்று ஏதோ வந்தது. லைன் கோளாறு என்று நினைத்தேன்.' ஓரத்தில் யாரோ 'சம்பந்தமில்லை' என்று எழுதியிருந்தார்கள்.

அந்த 'டுக்'கை மறுபடியும் படித்தேன். ஒரு சத்தத்தைப் பத்தில் ஒரு நொடிக்கு விட்டுவிட்டு வெட்டினால் காதில் எப்படி விழும்? டுக் என்றுதான் விழும்.

எங்கள் பெட்டி தான் செய்கிற ஒவ்வொன்றையும் பதிந்துவைக்கும். ஹவுராவுக்கு ஓடிப்போய் எடுத்து வந்தேன். அந்தப் பத்து நிமிஷத்துக்குள் ஊளை அடக்கி பதினோரு முறை வெட்டியிருந்தது. பதினோரு வரி. ஒவ்வொன்றிலும் நேரம், சுரத்தின் எண். முதல் ஐந்து அடுத்தடுத்து இருந்தன. பிறகு இடைவெளி கூடிக்கொண்டே போனது. கடைசி இரண்டில் சுரம் கொஞ்சம் இறங்கியிருந்தது, மூச்சு குறைந்தால் அப்படி இறங்கும்.

அதே மாதிரி விசில் ஒன்று வாங்கி வந்தேன். அனிமேஷ்தா நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பி, கண்ணை மூடி, இயர்போனை வைத்துக்கொண்டார். பக்கத்து அறையில் போய் ஊதினேன். "ஆபார்." ஊதினேன். "ஆபார்." நாலாவது முறைக்குப் பிறகு 'ஆபார்' வரவில்லை. திரும்பி வந்து பார்த்தால், நாற்காலியை என் பக்கம் திருப்பியிருந்தார்.

"அன்னிக்கு விசில் ஊதலியா?"

"இல்ல."

அவர் திட்டவில்லை. திட்டித் தீர்த்திருந்தால் நானும் கத்தியிருப்பேன், கத்தலில் ஏதாவது உண்மை வெளியே வந்திருக்கும். ரொம்ப நேரம் ஃபர்தோவில் இருந்த என் கையெழுத்தையும் தன் கையெழுத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வேலையைச் சொன்னார். விசிலின் சுரங்களை வெட்டாதபடி ஒரு விலக்கு சேர்க்க வேண்டும். எங்கெல்லாம் நம் பெட்டி இருக்கிறதோ அங்கெல்லாம் இந்த வாரத்துக்குள் நேரில் போய் ஏற்ற வேண்டும், விசில் ஊதிக் கேட்க வேண்டும். குறிப்பில் 'சிறு மேம்பாடு' என்று எழுது என்றார்.

"அந்தப் பையன் கதி என்ன அனிமேஷ்தா?"

"இந்தக் கூரைக்குக் கீழ முப்பது குடும்பம் இருக்கு, ஜெயா" என்றார்.

தொழிற்சாலைக்கு ஒரு கடிதம் போனது. 'இன்டர்காம் வடிவமைத்தபடியே வேலை செய்தது.' அது பொய்கூட இல்லை, பாருங்கள். டைப் அடித்தது நான். பழியை அவர் மேல் போட்டுத் தப்பிக்கலாம் என்று எத்தனையோ நாள் பார்த்தேன், முடியவில்லை. யாரும் என் கையைக் கட்டிப்போடவில்லை. எல்லாவற்றுக்கும் எதிர்த்துப் பேசுகிற என் வாய் அன்றைக்கு எங்கே போய்த் தொலைந்தது? பயம். என் பெயர் வெளியே வந்துவிடுமே என்ற பயம், வேறொன்றும் இல்லை. அந்த வாரம் அவரும் நானும் பதினேழு இடத்துக்குப் போய் விசில் ஊதினோம். அதற்குப் பிறகு நாலு மணிக்கு அவர் அந்தப் பொரி டிராயரைத் திறந்து நான் பார்க்கவில்லை. நான் ஓய்வு பெற்ற மறு வருஷம் அவர் இறந்துபோனார். இதைப் பற்றி எங்களுக்குள் ஒரு பேச்சும் வந்ததில்லை.

அந்தப் பதினோரு வரியின் அச்சுப்பிரதி ஏழு வருஷமாக என் பீரோவில் புடவைக்கு அடியில் கிடந்தது. ரிமி போனை வைத்த பிறகு அதை எடுத்தேன். ஃபர்தோ நகலில் இருந்த நம்பருக்குப் போன் போட்டேன். நிமாயே எடுத்தான், நேரில் பார்க்க வேண்டும் என்றேன்.

இப்போது ஹவுராவில் டோட்டோ ஓட்டுகிறான், பாட்டரியில் ஓடுகிற ஆட்டோ. படகுத்துறை பக்கத்தில் நிறுத்திக்கொண்டு காத்திருந்தான். தலை முழுக்க நரை. "மாத்ராஜி தீதி, வயசாயிடுச்சு உங்களுக்கு" என்றான். அண்ணன் கூப்பிட்ட பெயர். பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். வழியெல்லாம் பெங்காலியில் மனப்பாடம் பண்ணி வந்த அத்தனையும் மறந்து போயிற்று.

"நிமாய், உன் மேல தப்பு இல்ல" என்றேன்.

அவன் நிதானமாகத்தான் சொன்னான். "இருக்கு தீதி. நான் போன் பாத்துட்டு இருந்தேன்."

"இல்லன்னு விசாரணைல சொன்னியே?"

"அப்ப சொன்னேன். அப்புறம் யோசிச்சேன். தாதா ஊதாம இருப்பானா? ஊதியிருந்தா எனக்குக் கேக்காம இருக்குமா? அப்ப நான் போனைத்தான் பாத்திருக்கணும். ரெண்டு வருஷம் அம்மா என்னை வாசப்படி ஏற விடல. ஒரு விஜயதசமி அன்னிக்குப் போய்க் கால்ல விழுந்து, ஆமா, போன் பாத்துட்டு இருந்தேன்னு ஒத்துக்கிட்டேன். அம்மா தூக்கிவிட்டு வாயில சந்தேஷ் மிட்டாய் ஊட்டிவிட்டாங்க. தாதாவும் கஷ்டப்படல, உடனே மயக்கம் வந்திருக்கும்னு அவங்களே எனக்குச் சமாதானம் சொன்னாங்க."

செய்யாத தப்பை ஒத்துக்கொண்டால்தான் வீட்டுக்குள் விடுவார்கள் என்ற நிலைமைக்கு அவனைக் கொண்டுவந்தது என் கடிதம். அந்தக் காகிதத்தை அப்படியே மடித்து எடுத்துப்போய்விடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். அதுவும் என் பயம்தான் என்று தோன்றியது. எடுத்து அவன் கையில் கொடுத்தேன். பெட்டி என்ன செய்தது, நான் என்ன செய்தேன், எதைச் செய்யாமல் 'சரி' போட்டேன், எல்லாம் சொன்னேன்.

அவன் முதல் வரியில் விரலை வைத்தான். "இது?"

"விசில்."

"இது?"

"அதுவும் விசில்தான்."

ஒவ்வொரு வரியாக விரல் இறங்கியது. ஒவ்வொன்றுக்கும் கேட்டான், ஒவ்வொன்றுக்கும் சொன்னேன். கடைசி வரிக்கு வந்ததும் முதல் வரியின் நேரத்தையும் கடைசி வரியின் நேரத்தையும் மாறி மாறிப் பார்த்தான். ஐந்து நிமிஷத்துக்கு மேல்.

"பதினொண்ணா?"

"பதினொண்ணு."

"நான் எண்ணினேன் தீதி" என்றான். "அங்க நிக்கறப்ப வேற வேலை இல்ல, லைன்ல வர்ற டுக் டுக்கை எண்ணிட்டு இருந்தேன். ஒம்பதுதான் வந்துச்சு."

கடைசி இரண்டும் மூச்சில்லாமல் மெல்ல வந்தவை. அவ்வளவு மெல்லிய சத்தத்தை இரைச்சல் என்று தள்ளிவிடு என்றும் நான்தான் எண் வைத்திருந்தேன். அதையும் சொன்னேன். அவன் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு அழுதான். நானும் அழுதேன். துறையில் படகுக்குப் போகிறவர்கள் எங்களைப் பார்த்துக்கொண்டே போனார்கள்.

"அம்மாகிட்ட நானே வந்து சொல்றேன். என் தப்புன்னு சொல்றேன்."

"வேண்டாம்" என்றான் உடனே. "அவங்க என்னை மன்னிச்சாச்சு. இதைச் சொன்னா தாதா ஊதறது அவங்களுக்குக் கேட்டுக்கிட்டே இருக்கும். அது எனக்கு மட்டும் போதும்."

"எழுதலாமா?"

"பெங்காலியில வேண்டாம்" என்றான். "அம்மாவுக்குப் படிக்கத் தெரியும்."

அதனால்தான் இதைத் தமிழில் எழுதினேன். ரிமிக்கு இங்கிலீஷில் மாற்றி அனுப்புவேன். ரிமி, அந்தக் கட்டம் அங்கேயே இருக்கட்டும். புது சாஃப்ட்வேர் எவ்வளவு கற்றுக்கொண்டிருந்தாலும் அதன் முன்னால் நின்று ஒரு தடவை விசில் ஊது. அனுமதி இல்லையென்றால் கிடைக்கிற வரைக்கும் அங்கேயே உட்கார். குறிப்பில் 'சிறு மேம்பாடு' என்று இருப்பதை அழித்துவிட்டு இப்படி எழுது: 'உள்ளே இருந்தவர் பதினோரு முறை ஊதினார். வெளியே இருந்தவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். சோதிக்காமல் சரி என்று எழுதியது நான்.' கீழே என் பெயர் ஏற்கெனவே இருக்கிறது. அதை மாற்ற வேண்டாம்.